பதினேழாம் அறைக்கு ஒரு பலகை

அந்த மருத்துவமனையில் ஒரு டாக்டருக்குக் கத்தி பிடிக்கத் தெரியவில்லை என்றால்கூடச் சமாளித்துவிடலாம். அறை வாசலில் பெயர்ப்பலகை இல்லை என்றால் மட்டும் ஒன்றும் செய்வதற்கில்லை. பலகை இல்லாத அறை, விதிப்படி, அறையே இல்லை. உள்ளே டாக்டர் இருப்பார், மின்விசிறி சுற்றும், இயந்திரத்தில் பச்சை விளக்கு எரியும். ஆனால் நோயாளி கால் வைக்க முடியாது. முன்பு ஒருமுறை பல்வலிக்காக வந்த ஒருவர் பலகை இல்லாத அறைக்குள் நுழைந்து, குடல்வால் இல்லாமல் வெளியே வந்துவிட்டாராம். பல்வலி அப்படியே இருந்ததாம். அதற்குப் பிறகு போட்ட விதி அது.

அதனால் அங்கே பெரிய டாக்டர்களுக்கு அடுத்த மரியாதை பெயிண்டருக்குத்தான். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கட்டடத்தின் எல்லாப் பலகைகளையும் அவர் ஒருவரே எழுதிவந்தார். பலகையைக் கையால்தான் எழுத வேண்டும், நிரந்தர ஊழியர்தான் எழுத வேண்டும் என்று இன்னொரு விதி இருந்தது. ஒரு வருடம் அச்சகத்தில் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் மகப்பேறுப் பலகையையும் பிணவறைப் பலகையையும் இடம் மாற்றி அனுப்பியதில், இரண்டு வாசலிலும் உறவினர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். அச்சடித்த பலகை அன்றோடு சரி.

பெயிண்டர் எழுதினால் எழுத்து நிமிர்ந்து நிற்கும். பென்சிலால் கோடு போடாமலே நேர்க்கோட்டில் எழுதுவார். எழுதியது என்ன என்று மட்டும் கேட்கக் கூடாது. வந்த தாளில் இருப்பதைப் பலகையில் ஏற்றுவது தன் வேலை, அதற்கு மேல் யோசிப்பது பெரியவர்கள் வேலை என்பது அவருடைய கட்சி.

ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, வார்டு வாசலில் ஏணி மேல் நின்று 'அமைதி காக்கவும்' என்று எழுதிக்கொண்டிருந்தவர், 'கா' எழுதி முடித்ததும் கட்டடமே திரும்பிப் பார்க்கும்படி அலறினார். இடுப்புக்குப் பின்னால் ஆரம்பித்த வலி வளைந்து வந்து அடிவயிற்றைப் பிடித்து முறுக்கியது. பெயிண்ட் டப்பா ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாக இறங்கினார்கள்.

அவசரப் பிரிவுக்குப் பலகை இருந்தது, அவரே எழுதியதுதான். அங்கே ஊசி போட்டார்கள். ஸ்கேன் அறைக்கும் பலகை இருந்தது. எட்டு மில்லிமீட்டர் கல் ஒன்று சிறுநீரகத்தைவிட்டு இறங்கி, குழாயில் குறுக்கே உட்கார்ந்து பாதி வழியை அடைத்துக்கொண்டிருப்பதாக ஸ்கேன் எடுத்தவர் காற்றுவாக்கில் சொன்னார். உடனே சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தான் 'கல்' என்று சொன்னதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

பெயிண்டருக்கு இருப்பது ஒரே ஒரு சிறுநீரகம். இன்னொன்றை ஒன்பது வருடத்துக்கு முன்னால் தங்கைக்குக் கொடுத்துவிட்டார். அவள் இப்போது இரண்டு பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறாள். மிச்சமிருக்கும் ஒன்று அடைத்துக்கொண்டால், அவருக்குக் கொடுப்பதற்கு வீட்டில் இன்னொரு அண்ணன் கிடையாது.

செய்தி கேட்டு மனைவி பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்தாள். கணக்கு டீச்சர். கையில் சாக்பீஸ் தூள்கூடப் போகவில்லை. இரண்டு பேருமாக நோய்ப்பெயர்ப் பதிவு குமாஸ்தாவிடம் போனார்கள். அவரிடம் முத்திரை வாங்காமல் எந்த அறைக்கும் போக முடியாது.

"என்ன பண்ணுது?" என்று கேட்டார் குமாஸ்தா.

"வலிக்குது சார்."

"அந்த வார்த்தை போன மாசத்தோட நின்னுபோச்சு. அகநிலை அசௌகரியம்னு இருக்கு. அதுல மிதமா, மிகையா, எல்லை மீறலா?"

"உயிர் போகுது சார்."

"அப்போ அது வேற பிரிவு. அவங்க தனிப் புத்தகம் வெச்சிருக்காங்க." குமாஸ்தா கோபப்படவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு புத்தகத்தைப் புரட்டி, 'எல்லை மீறல்' என்பதில் டிக் அடித்து, பதினேழாம் அறைக்குப் போகச் சொன்னார்.

பதினேழாம் அறை நீண்ட நடைபாதையின் கடைசியில் இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்த பெயிண்டர் நிமிர்ந்து பார்த்தார். வாசலுக்கு மேலே வெள்ளைவெளேரென்று ஒரு வெற்றுப் பலகை தொங்கியது. அந்த வெள்ளையை அடித்தவர் அவரேதான்.

இரண்டு மாதம் முன்புவரை அங்கே 'சிறுநீரகக் கல் பிரிவு' என்று இருந்தது. மருத்துவமனையின் சொல்லாக்கக் குழுவுக்குப் புதிய தலைவர் வந்தார். வந்த முதல் வாரமே ஒரு சுற்றறிக்கை விட்டார். கல் என்பது தெருவில் கிடப்பது. நாய் துரத்தினால் எடுப்பது. இத்தனை பெருமை வாய்ந்த நிறுவனத்தின் நோயாளிகளுக்குத் தெருவில் கிடப்பதா வரும் என்று அதில் கேட்டிருந்தார். தகுதியான பெயர் கண்டுபிடிக்கும்வரை பழைய பலகையை அழிக்க உத்தரவாயிற்று. பெயிண்டர் இரண்டு கோட் வெள்ளை அடித்தார். வேலை சுத்தமாக வந்திருக்கிறது என்று அன்றைக்கு அவருக்குச் சந்தோஷம்கூட.

அந்தச் சமயத்தில் ஒரு லாரி டிரைவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அதே வாசலில் சுருண்டு கிடந்தார். உள்ளே எப்போது போகலாம் என்று கேட்டார். "ஓரமா உக்காருங்க, பெயிண்ட் காயலை" என்று சொல்லிவிட்டு ஏணியை மடக்கிக்கொண்டு வந்துவிட்டார் பெயிண்டர். இப்போது அது நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. வலி வெட்கத்தை அதிக நேரம் நிற்க விடவில்லை.

கதவில் கண்ணாடி இருந்தது. உள்ளே டாக்டரம்மா மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து இயந்திரத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதமாகத் துடைத்ததில் அது முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளத்தது. அவர் எழுந்துவந்து வாசற்படிக்கு அந்தப் பக்கமாகவே நின்று, கை நீட்டி ஸ்கேன் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இன்னொரு பக்கம் எங்க?" என்றார்.

பெயிண்டர் தங்கையைப் பற்றிச் சொன்னார். டாக்டரம்மா முகம் மாறியது.

"பாதி அடைச்சிருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள எடுத்தாகணும். அதுக்கு மேல போனா கிட்னி தாங்காது. எனக்கு இருபது நிமிஷ வேலைதான், பெயிண்டர். ஆனா இந்தப் படியைத் தாண்டி நீங்க வந்தா என் வேலை போகும். வேலை போனாக்கூடப் பரவாயில்ல, பலகை இல்லாம சுவிட்ச் போட்டா மெஷினுக்குக் கரண்ட் குடுக்க மாட்டாங்க. மேல ஆள் வெச்சிருக்காங்க."

வேறு மருத்துவமனைக்குப் போகலாமா என்று மனைவி கேட்டாள். போகலாம். ஆனால் ஊழியர் வெளியே வைத்தியம் பார்க்கத் தடையில்லாச் சான்று வேண்டும். அதைத் தர வேண்டிய இடம் பதினேழாம் அறை. பதினேழாம் அறை இப்போது இல்லை.

"சரி, பலகை எப்ப வரும்?" என்றாள் மனைவி.

டாக்டரம்மா பெயிண்டரைப் பார்த்தார். பெயிண்டர் தரையைப் பார்த்தார். பெயர் முடிவானாலும் அதை எழுத வேண்டிய ஒரே ஆள், அந்தப் பெயருக்காகக் காத்திருக்கும் நோயாளியாக அங்கே கோணிக்கொண்டு நின்றார்.

மறுநாள் சொல்லாக்கக் குழு கூடியது. இது பதினைந்தாவது கூட்டம். பலகையின் அளவு சொல்வதற்காகப் பெயிண்டரைக் கூப்பிட்டிருந்தார்கள். ஊசியின் தயவில் அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். ஏழு உறுப்பினர்கள் நீள மேசையைச் சுற்றி ஆற அமர உட்கார்ந்திருந்தார்கள். பெயர் ஏறக்குறைய முடிவாகியிருந்தது. நோய்ப்பெயரின் கடைசியில் வருவது 'திரள்வு' என்பதா, 'திரளுரு' என்பதா என்பதில் மட்டும் ஐந்து வாரமாகத் தகராறு. மூன்று பேர் திரள்வு கட்சி. மூன்று பேர் திரளுரு கட்சி. ஏழாமவர் தலைவர், அவர் இரண்டு பக்கமும் ஆழமான கருத்துகள் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெயிண்டர் நெளிவதைத் தலைவர் கவனித்தார். தங்களுடைய ஆராய்ச்சிப் பொருளை உடம்பில் வைத்துக்கொண்டு ஒருவர் எதிரே உட்கார்ந்திருப்பது தெரிந்ததும் அவருக்குச் சங்கடமாகப் போயிற்று.

"தப்பா எடுத்துக்காதீங்க," என்றார். "நான் பதினோரு வருஷமா ஒரு நோயாளியையும் தொட்டுப் பார்த்ததில்ல. அதனாலதான் நோயைப் பத்தி என்னால இவ்வளவு தெளிவா யோசிக்க முடியுது. நோயாளி பக்கத்துல இருந்தா ஒரே சத்தம். தண்ணி குடுங்கறாங்க, எப்ப சரியாகும்ங்கறாங்க. நல்ல பேரு ஒண்ணும் வாயில வர மாட்டேங்குது. பேரு வெச்சுட்டா பாதி வைத்தியம் முடிஞ்சுது."

மீதிப் பாதியை யார் செய்வார்கள் என்று பெயிண்டர் பணிவாகக் கேட்டார். அது சில்லறை வேலை, டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று தலைவர் பதில் சொன்னார்.

பெயிண்டர் இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாகத் தாளில் இல்லாத ஒன்றைச் சொன்னார். "சார், பலகை நாலு அடிதான். 'கல் எடுக்கும் இடம்'னு போட்டா பத்து எழுத்து. பெருசா எழுதலாம். நடைபாதை அந்தக் கோடியிலிருந்தே தெரியும். யாரும் யாரையும் கேக்க வேண்டியதில்ல."

தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"தெரியும்தான், பெயிண்டர். அதுதான் பிரச்சினையே. நோயாளி தானே படிச்சுத் தானே புரிஞ்சுக்கிட்டா, அப்புறம் நாங்க ஏழு பேர் எதுக்கு?"

இதைக் கேட்டு ஆறு பேரும் தலையாட்டினார்கள். திரள்வும் திரளுருவும் ஐந்து வாரத்தில் முதல் முறையாக ஒத்துப்போன இடம் அது. அந்த நல்லிணக்கத்தின் சூட்டிலேயே 'திரள்வு' நிறைவேறியது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் திறப்பு விழா என்றும், தலைவர் திரையை இழுக்கும் கணத்திலிருந்து பலகை செல்லுபடியாகும் என்றும் குறிப்பு எழுதினார்கள்.

புதன்கிழமை பெயிண்டர் பலகையை இறக்கித் தரையில் வைத்து, பக்கத்தில் படுத்துக்கொண்டே எழுத ஆரம்பித்தார். மனைவி பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு டப்பாவைப் பிடித்துக்கொண்டாள். வந்த தாளில் 'சிறுநீர்ப் பாதைசார் கனிமப் படிகத் திண்மத் திரள்வு அகற்றல் உயர்சிறப்புப் பிரிவு' என்று இருந்தது. அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

"நாப்பத்தெட்டு அங்குலம். நாப்பத்தோரு எழுத்து. இடைவெளி போனா எழுத்துக்கு ஒரு அங்குலம்கூட வராது. தாராளமா எழுதலாம். எறும்புக்குப் படிக்கத் தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான்."

வலி அலை அலையாக வந்தது. வராத நேரத்தில் எழுதுவார். வந்தால் தூரிகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார். 'சிறுநீர்ப்' எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. 'படிகத்' எழுதும்போது மறுபடி ஊசி போட்டார்கள். வியாழன் காலை 'திரள்வு' முடித்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டார். ஓர் எழுத்துகூடக் கோணவில்லை.

அப்போது குமாஸ்தா ஒரு தாளோடு வந்தார். திரளுரு கட்சியினர் முந்தின நாள் மாலை அவசரக் கூட்டம் கூட்டியிருந்தார்கள். 'திரள்வு' என்பது ஒரு செயல், நோயாளியிடமிருந்து ஒரு செயலை அகற்ற முடியாது, ஒரு பொருளைத்தான் அகற்ற முடியும் என்று வாதாடி ஜெயித்துவிட்டார்கள். தலைவர் இரண்டு பக்கத்துக்கும் வாழ்த்துச் சொன்னாராம். பெயர் 'திரளுரு' ஆகிவிட்டது, திருத்தி எழுதவும் என்று உத்தரவு.

"இவருக்கு நேத்திலிருந்து சரியா ஒண்ணுக்கே போகலைங்க," என்றாள் மனைவி.

"அதுக்கும் ஒரு பேர் பரிசீலனையில இருக்கும்மா," என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டுக் குமாஸ்தா போனார்.

பெயிண்டர் தாளையே பார்த்துக்கொண்டு கிடந்தார். அவருக்குப் பயமாக இருந்தது. தான் செத்துப்போவது பற்றிய பயம்கூட இரண்டாவதுதான். தன்னால் அண்ணனுக்கு இப்படி ஆயிற்று என்று தங்கை காலம் முழுக்க அழுவாளே என்பதுதான் முதலில் வந்தது. பயத்துக்குப் பின்னாலேயே கோபம் வந்தது. இருபத்திரண்டு வருடம் வராத கோபம் என்பதால் அதற்கு வழி தெரியவில்லை; கொஞ்ச நேரம் உடம்புக்குள் சுற்றிவிட்டுக் கைக்கு வந்து சேர்ந்தது.

"அந்த வெள்ளை டப்பாவை எடு," என்றார்.

"திருத்தப் போறீங்களா?"

"ஆமா."

பலகை முழுவதையும் வெள்ளையால் மூடினார். மனைவி விசிறினாள். காய்ந்ததும் அகலத் தூரிகையை எடுத்தார். இந்த முறை சிவப்பு. அரை மணி நேரத்தில் எழுதி முடித்தார். ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கை அகலம் இருந்தது. மாலையில் இரண்டு பேருமாகப் பலகையைத் தூக்கி மாட்டி, அதன்மேல் விழாத் திரையையும் தொங்கவிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டுப் போய் இயந்திரத்தை இன்னொரு தடவை துடைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை நடைபாதை நிறைந்துவிட்டது. விழாவுக்குக் கைதட்ட ஆள் போதாது என்று, இரண்டு மாதமாகக் கட்டடத்துக்குள் பதினேழாம் அறையைத் தேடி அலைந்துகொண்டிருந்த முப்பத்தொரு பேரையும் கூப்பிட்டு நிற்க வைத்திருந்தார்கள். முன்வரிசையில் லாரி டிரைவர் சுவரில் சாய்ந்து நின்றார். பாதி ஆளாக இளைத்திருந்தார். பெயிண்டர் அவர் பக்கத்தில் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெற்றியில் வியர்வை வழிந்தது.

தலைவர் வாசலுக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து நின்றார். ஒரு கையில் பதினான்கு பக்க உரை. மறுகையால் திரையின் கயிற்றைப் பிடித்து, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் இழுத்தார்.

திரை விழுந்தது. சிவப்பாக, பெரிதாக, 'கல் எடுக்கும் இடம்' என்று பலகை சொன்னது. அந்த நடைபாதை அதுவரை கேட்டிராத கைதட்டல் எழுந்தது. தலைவர் கண் கலங்கினார். இந்தப் பெயர் சாதாரண மக்களுக்குப் போய்ச் சேருமா என்று தன்னிடம் சந்தேகப்பட்டவர்கள் உண்டு என்றும், அவர்கள் இந்தக் கரவொலியைக் கேட்க வேண்டும் என்றும் தழுதழுத்தபடி உரையை ஆரம்பித்தார்.

லாரி டிரைவர் மெல்லக் கேட்டார், "பெயிண்ட் காஞ்சிடுச்சா?"

அவருக்கு ஞாபகம் இருந்தது. "காஞ்சிடுச்சு. முதல்ல நீங்க போங்க."

"நீங்க நிக்கிற நிலையைப் பார்த்தா நான் போக முடியுமா? நடங்க, பின்னாலயே வரேன்."

மனைவி அவரைத் தலைவரின் இடதுபக்கமாக நடத்திக்கொண்டு போய்ப் படியேற்றினாள். டாக்டரம்மா கதவைத் திறந்தே வைத்திருந்தார். பின்னால் லாரி டிரைவர், அவருக்குப் பின்னால் ஒரு தையல்காரம்மா, அதற்குப் பின்னால் ஒரு பால்காரர் என்று சத்தமில்லாமல் வரிசை நகர்ந்தது. மேஜைமேல் படுத்திருந்த பெயிண்டருக்குத் தலைவரின் குரல் கதவு வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. "எங்கள் குழு பதினாறு முறை கூடியது. ஒருமுறைகூட நோயாளிகளை நினைத்துத் தடம் மாறவில்லை" என்றார் தலைவர். அதற்குள் மருந்து ஏறிப் பெயிண்டர் தூங்கிப்போனார்.

தலைவர் உரையை முடித்து நிமிர்ந்தபோது நடைபாதையில் குழு உறுப்பினர்கள் ஆறு பேர் மட்டும் இருந்தார்கள். அவர்களும் தன்னைப் பார்க்காமல் தனக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருப்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை பெயிண்டர் வார்டில் கண் விழித்துக் கிடந்தார். வலி இல்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போதுதான் தெரிந்தது. காலையிலேயே தங்கை வந்து அழுதுவிட்டுப் போயிருந்தாள், நல்ல அழுகை. தலைமாட்டில் சின்னக் கண்ணாடிக் குப்பியில் அந்தப் பழுப்புத் துண்டு கிடந்தது. இதுவா இத்தனை ஆட்டம் போட்டது என்று மனைவி அதை எடுத்து எடுத்துப் பார்த்தாள்.

குமாஸ்தா உத்தரவோடு வந்தார். பதினேழாம் அறைப் பலகையில் அங்கீகாரமற்ற சொல் இருப்பதாகவும், அது திறக்கப்பட்டுவிட்டதால் அழிக்கும்வரை செல்லுபடியாகும் என்பது குழுவுக்கு வருத்தம் தருவதாகவும், விதிப்படி அழிக்க வேண்டிய ஒரே ஆளான பெயிண்டர் உடனே ஏணி ஏற வேண்டும் என்றும் அதில் இருந்தது.

பெயிண்டர் எழுந்து உட்காரப் போனார். சுற்று வந்திருந்த டாக்டரம்மா அவர் தோளை அழுத்திப் படுக்க வைத்துவிட்டு, மருத்துவ விடுப்புத் தாளை எடுத்தார்.

"இவர் ஆறு மாசத்துக்கு ஏணி ஏறக் கூடாது. தூரிகையும் தொடக் கூடாது. அப்புறம் வந்து காட்டட்டும். தேவைப்பட்டா நீட்டிப்பேன்."

குமாஸ்தாவும் லேசுப்பட்டவரில்லை. "நோயோட பேர் போடணும் டாக்டர். 'கல்'னு போட்டிருந்தா தாள் செல்லாது. திருப்பி அனுப்பிடுவேன்."

டாக்டரம்மா பேனாவைத் திறந்தார். நிறுத்தி நிதானமாக, 'சிறுநீர்ப் பாதைசார் கனிமப் படிகத் திண்மத் திரளுரு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். குமாஸ்தா புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப் பார்த்தார். இருபத்தைந்து எழுத்தும் சரியாக இருந்தன. வேறு வழியில்லாமல் முத்திரை குத்தினார்.

அந்தப் பெயரால் ஒரு நோயாளிக்கு நன்மை கிடைத்தது அதுதான் முதல் தடவை.